உறுப்பினர்களே திரட்டும் நிதி: இளையர் குழுவின் ஓராண்டுக் கணக்கை எப்படிப் போடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சுருக்கிச் சொல்கிறேன். 17 வயது முதல் 25 வயது வரை உள்ள 32 பேர் கொண்ட, சிங்கப்பூரில் பதிவுபெற்ற தமிழ் இளையர் சங்கத்துக்கு நீங்கள் புதிதாகப் பொருளாளர் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். மாதச் சந்தா 5 வெள்ளி. ஏப்ரலில் தமிழ் மொழி விழாவையொட்டிப் பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி, ஜூனில் இரண்டு இரவு முகாம், தீபாவளிக்கு முன் முதியோர் இல்ல வருகை ஆகிய மூன்றும் உங்கள் ஆண்டுப் பணிகள். சென்ற ஏப்ரலில் 1,100 வெள்ளி துண்டு விழுந்ததால் செயற்குழுவினர் மூவர் கைக்காசு போட்டார்கள்; ஜூன் தொடக்கத்தில் மானியம் வந்தபோது அது முகாமுக்குப் போய்விட்டது; அந்த மூவருக்கும் பணம் இன்னும் திரும்பவில்லை. வரும் ஜனவரி முதல் ஒவ்வோர் உறுப்பினரும் 150 வெள்ளி திரட்டித் தரவேண்டும், கூடுதலாகத் திரட்டுபவருக்கு முகாம் கட்டணத்தில் கழிவு தரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இது சரியா, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இளையர் அமைப்புகளின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் தொடங்கவேண்டிய இடம் நிதித்திரட்டு அன்று, செலவுப் பட்டியல். அதுவும் பொருளாளரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் பட்டியலாக இருக்கக்கூடாது. 32 பேரும் உட்கார்ந்து போட்ட பட்டியலாக இருக்கவேண்டும். எதற்காகத் திரட்டுகிறோம் என்று தெரியாத உறுப்பினர், உறவினரிடம் போய் "எங்கள் சங்கத்துக்கு ஏதாவது கொடுங்கள்" என்றுதான் கேட்பார். கேட்டவர் 10 வெள்ளி கொடுத்து அனுப்பிவிடுவார். "ஏப்ரல் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு மதிய உணவுக்கு இன்னும் 400 வெள்ளி குறைகிறது" என்று சொல்லக்கூடிய உறுப்பினருக்குக் கிடைக்கும் பதிலே வேறு.

இது நம் ஊருக்குப் புதிய பாடமும் அன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் கோ. சாரங்கபாணி தாம் நடத்திய தமிழ் முரசு நாளிதழ் வழியாக நிதி திரட்டியபோது ஆளுக்கு ஒரு வெள்ளி என்றுதான் கேட்டார். நாட்கூலிக்கு வேலை செய்தவர்களும் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். தொகை சிறியது, நோக்கம் தெளிவானது, கொடுப்பவர் அதைத் தம்முடையதாக உணர்ந்தார். பெரிய தொகையைச் சிலரிடம் கேட்பதைவிடத் தெளிவான நோக்கத்துக்குச் சிறிய தொகையைப் பலரிடம் கேட்பதே இளையர் குழுவுக்கு இன்றும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

செலவுப் பட்டியலை எப்படி உட்கார்ந்து போடுவது என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சமூக மன்ற அறை ஒன்றில், நான் ஆலோசகராக இருந்த ஒரு குழு, செலவினம் ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியது. 22 வெள்ளி வீதம் 40 நினைவுச் சின்னங்கள், 880 வெள்ளி என்று ஒரு தாள். அதற்குப் பக்கத்தில் பேருந்துச் செலவு 640 வெள்ளி என்று ஒரு தாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படித்த ஒரு பெண், அதுவரை கூட்டங்களில் வாயே திறக்காதவர், எழுந்து போய் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருவதைவிட மேசையில் வைக்கும் பொருளுக்கு அதிகம் செலவழிக்கிறோமா?" என்று கேட்டார். அன்றே நினைவுச் சின்னங்கள் பன்னிரண்டாகக் குறைந்தன. அதுவரை மூன்று ஆண்டுகளாக அந்தச் செலவு எந்தக் கேள்வியும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு பொறி விலைப்புள்ளிகளில் இருக்கிறது. உணவகமோ விடுதியோ ஒரு தலைக்கு 18 வெள்ளி என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளைப் போட்டிருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் அதன்மேல் வரும் என்று பொருள். வரி சேவைக் கட்டணத்தின் மேலும் விதிக்கப்படும் என்பதால் 18 வெள்ளி ஏறத்தாழ 21 வெள்ளி 58 காசாகிறது. 60 பேருக்கு 1,080 வெள்ளி என்று எழுதிவைத்த இடத்தில் 1,295 வெள்ளிக்கு ரசீது வரும். ஒரே ஒரு வரியில் 215 வெள்ளி துண்டு. எல்லா விலைப்புள்ளிகளையும் வரியோடு சேர்த்த தொகையாக மாற்றி எழுதுவதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எண்களை நீங்கள் திருத்திக்கொள்ளலாம். போட்டிக்கு 3,200, முகாமுக்கு 4,000, முதியோர் இல்ல வருகைக்கு 1,100, காப்புறுதி, அச்சு, வங்கிக் கட்டணம் போன்ற நிர்வாகச் செலவுக்கு 400, ஆக 8,700 வெள்ளி. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 9,570. வரவுப் பக்கத்தில், 32 பேரும் பன்னிரண்டு மாதமும் சந்தா கட்டுவார்கள் என்று எழுதாதீர்கள். தேசிய சேவையில் இருப்பவர்களும் தேர்வு ஆண்டில் இருப்பவர்களும் விட்டுவிடுவார்கள். 27 பேர் கட்டுவார்கள் என்று கொண்டால் 1,620. முகாமுக்கு 28 பேர் வந்து தலைக்கு 70 வெள்ளி கட்டினால் 1,960. போட்டிக்கான மானியம் 2,000, ஆதரவாளர்கள் தருவது 1,500. மொத்தம் 7,080. எஞ்சுவது 2,490 வெள்ளி. நீங்கள் திரட்டவேண்டியது இவ்வளவுதான். ஆளுக்கு 150 வெள்ளி என்றால் 4,800 ஆகும். தேவையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கை உறுப்பினர் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறீர்கள். செலவுப் பட்டியல் போடாமல் தொகையை முடிவுசெய்தால் இப்படித்தான் ஆகும்.

சென்ற ஆண்டின் துண்டுக்குக் காரணம் பணம் இல்லாதது மட்டும் அன்று என்று நினைக்கிறேன். வளர்தமிழ் இயக்கம் 2007 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் நடத்திவரும் தமிழ் மொழி விழாவானாலும் சரி, தேசிய இளையர் மன்றம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு வைத்திருக்கும் திட்டங்களானாலும் சரி, மானியங்களில் பெரும்பகுதியோ முழுவதுமோ நிகழ்ச்சி முடிந்து, ரசீதுகளையும் அறிக்கையையும் கொடுத்தபிறகே கைக்கு வருவது வழக்கம். செலவு ஏப்ரலில், வரவு ஜூனில். ஆகவே ஆண்டுக் கணக்கோடு மாதக் கணக்கும் வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதச் சந்தா 540 வெள்ளி, ஆதரவாளர் பணம் அதற்குள் வந்துவிட்டால் 1,500, ஆக 2,040 வெள்ளிதான் ஏப்ரலில் கையில் இருக்கும். போட்டிக்கு வேண்டியது 3,200. குறைவது 1,160. சென்ற ஆண்டு அந்த மூவர் போட்ட தொகைக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். பிறகு வந்த மானியம் உண்மையில் அந்த மூவருக்குச் சேரவேண்டிய பணம். அதைப் புதிய வரவாக நினைத்து முகாமுக்குச் செலவழித்துவிட்டீர்கள். மானியம் வந்ததும் அது எந்தச் செலவை ஈடுசெய்ய வந்தது என்று குறித்துவைக்காத குழுக்களில் இது அடிக்கடி நடக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. நம் தமிழ்க் குழுக்கள் பெரும்பாலும் நம்பியிருக்கும் தீபாவளிப் பலகார விற்பனை ஆண்டுக் கடைசியில் வருகிறது. அந்தப் பணத்தைக் கையோடு ஆண்டு நிறைவு விருந்தில் கரைத்துவிடாமல், அடுத்த ஏப்ரலுக்கான கையிருப்பாக வங்கியில் வைக்க வேண்டும். முதலாண்டில் அந்தக் கையிருப்பு உங்களுக்கு இல்லை என்பதால் ஜனவரியிலேயே ஒன்றைச் செய்தாக வேண்டும். பொங்கல் பை அதற்கு ஏற்றது. பானை, வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து, இரண்டு துண்டுக் கரும்பு ஆகியவற்றைச் சேர்த்து, முன்பதிவு செய்தவர்களின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. 18 வெள்ளிக்கு வாங்கி 28 வெள்ளிக்குக் கொடுத்தால் பைக்கு 10 வெள்ளி நிற்கும். 120 பைகளுக்கு 1,200 வெள்ளி. 32 பேருக்கு ஆளுக்கு நான்கு வீடுகூட ஆகாது. முன்பணம் வாங்கிக்கொண்டே பொருளை வாங்கினால் கைமுதல் தேவையில்லை, விற்காத பொருளும் மிஞ்சாது. முழுக் கரும்பாக வாங்கிவிடாதீர்கள். ஆறடிக் கரும்பை அடுக்குமாடி வீட்டு மின்தூக்கிக்குள் நுழைக்க நான்கு பேர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டாயமும் கூடுதலாகத் திரட்டியவருக்குக் கட்டணக் கழிவும். இரண்டையும் வேண்டாம் என்றே சொல்வேன். லிட்டில் இந்தியாவில் தந்தைக்குக் கடை இருக்கும் பிள்ளை ஒரு மாலைப் பொழுதில் 500 வெள்ளி கொண்டுவந்துவிடும். தாய் இரவு நேரத் துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு 150 வெள்ளி என்பது பகுதிநேர வேலையின் இரண்டு நாள் சம்பளமாக இருக்கலாம். அந்தப் பிள்ளை யாரிடமும் கேட்காமல் தன் பணத்தையே கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு சங்கத்துக்கே வராமல் இருந்துவிடும். காரணத்தை யாரிடமும் சொல்லாது. இப்படி இழந்த நல்ல பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும்.

கொடுப்பவரின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். அவர் சங்கத்தின் பணிக்கென்று கொடுத்த பணம் ஒரு தனி உறுப்பினரின் கட்டணத்தைக் குறைக்கப் பயன்படுகிறது என்றால், அவரிடம் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் பிள்ளைகளின் ஜிம்னாஸ்டிக் பயிற்சிக்காகப் பெற்றோர் நடத்திய ஒரு சங்கம், நிதி திரட்டிய குடும்பங்களுக்கு மட்டும் புள்ளி கொடுத்து, அந்தப் புள்ளிக்கேற்பக் கட்டணத்தைக் குறைத்தது. பொதுநோக்கத்துக்கான அமைப்பு தனிப்பட்டவர்களின் நன்மைக்காக இயங்குகிறது என்று சொல்லி அதன் வரிவிலக்கை அந்நாட்டு வரித்துறை நீக்கியது. 2013இல் வரி நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. அதில் உள்ள நியாயம் பொருந்தும்.

அதற்குப் பதிலாகப் பணத்தைப் பொதுப்பையில் போட்டு, உழைப்பைப் பங்கிடுங்கள். பொங்கல் பைக்கு முன்பதிவு எடுப்பது, பொருள் வாங்குவது, கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது, கணக்கெழுதுவது, நன்றிக் கடிதம் எழுதுவது என்று வேலை பல இருக்கிறது. ஆண்டுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்து, யார் எந்த வேலையை எடுத்துக்கொள்கிறார் என்று கையெழுத்து வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படும் பிள்ளை கட்டும் வேலையை எடுத்துக்கொள்ளும். வார நாள்களில் படை முகாமில் இருக்கும் தேசிய சேவையாளர் சனிக்கிழமை விநியோகத்தை எடுத்துக்கொள்வார். கட்டணம் கட்ட முடியாதவருக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அது யாருக்குப் போகிறது என்பது பொருளாளருக்கும் ஆலோசகருக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். முகாமின் உண்மைச் செலவு தலைக்கு 143 வெள்ளி, நாம் வாங்குவது 70 வெள்ளிதான் என்பதைப் பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். முடிந்த பெற்றோர் சிலர் தாமாகவே முழுத்தொகையையும் கட்டுவார்கள்.

உழைத்துச் சம்பாதிக்கும் வழிக்குச் சிங்கப்பூர்ச் சாரணர்கள் நல்ல முன்மாதிரி. 1910 முதல் இங்கிருக்கும் அந்த இயக்கத்தின் வேலை வாரத்தில், பிள்ளைகள் கார் கழுவுவது, வீட்டைச் சுத்தம் செய்வது போன்ற சிறு வேலைகளைச் செய்து நன்கொடை பெற்று, அதை ஓர் அட்டையில் பதிவார்கள். உங்கள் குழுவும் மார்ச் விடுமுறையிலும் செப்டம்பர் விடுமுறையிலும் ஒவ்வொரு நாள் ஒதுக்கி, தெரிந்த குடும்பங்களின் வீடுகளில் பரண் சுத்தம் செய்வது, முதியவர்களின் கைப்பேசியைச் சரிசெய்து கொடுப்பது, பழைய நாளிதழ்களைச் சேகரித்து, பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரருக்குப் போடுவது என்று செய்யலாம். இரண்டு நாளில் 840 வெள்ளி கிடைத்தால் நல்லது.

"தெரிந்த குடும்பங்கள்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சாலையிலும் பொது இடத்திலும் நின்றோ முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டியோ நன்கொடை கேட்பதற்கு, 1947ஆம் ஆண்டின் வீடு வீடாகவும் தெருக்களிலும் நிதி திரட்டுவது பற்றிய சட்டத்தின்படி முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கினாலும் அதிலிருந்து விலக்கு இல்லை. உங்கள் சங்கத்தின் சட்டவிதிகளை எடுத்துப் பாருங்கள். சங்கங்கள் பதிவகத்தின் மாதிரியைப் பின்பற்றியிருந்தால், உரிய அதிகாரிகளின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பொதுமக்களிடம் நிதி திரட்டக்கூடாது, அனுமதியின்றி அதிர்ஷ்டக் குலுக்கு நடத்தக்கூடாது என்ற இரண்டு விதிகளும் அதில் இருக்கும். குலுக்குச் சீட்டு அச்சடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். திறந்த சந்தையில் உணவுக் கடை போடுவதாக இருந்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகளையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிக்குப் பணம் அனுப்பப் பொதுமக்களிடம் திரட்ட விரும்பினால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். நன்கொடையின் இரண்டரை மடங்குக்கு வரிக்கழிவு கிடைக்கும் என்று எந்த ஆதரவாளரிடமும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சலுகை அதற்கென்று தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுப்பவர்களுக்கே உரியது.

ஆதரவாளர்களைப் பற்றி. சிராங்கூன் சாலைக் கடைக்காரர்களிடம் தீபாவளிக்கு முந்திய மாதத்தில் போய் நிற்காதீர்கள். அவர்களுக்கு அப்போது பேச நேரமிருக்காது. பொங்கல் பரபரப்பு அடங்கிய பிறகு, பிற்பகல் மூன்று மணிவாக்கில், இருவராகப் போங்கள். பணமாகத்தான் வேண்டும் என்பதில்லை. போத்தல் தண்ணீர், அரிசி, பரிசுப் பொருள் எதுவானாலும் செலவுப் பட்டியலில் ஒரு வரியை அடிக்கிறது. நிகழ்ச்சி மலருக்கு விளம்பரம் கேட்பதாக இருந்தால் முழுப்பக்கம், அரைப்பக்கம், கால்பக்கம் என்று விலையோடு போங்கள். இதில் ஒரு 1,000 வெள்ளியை இலக்காக வைக்கலாம். ஒருமுறை இளையர் இருவரோடு ஒரு மளிகைக் கடைக்கு நானும் போயிருந்தேன். கடைக்காரப் பெரியவர் கல்லாவிலிருந்து எழாமலே, "போன வருசம் குடுத்தேனே, என்னப்பா செஞ்சீங்க?" என்று கேட்டார். கேட்டது 200 வெள்ளியைப் பற்றி. பிள்ளைகளிடம் பதில் இல்லை. அவர் அந்த ஆண்டும் கொடுத்தார், ஆனால் 50 வெள்ளி. அதற்கடுத்த ஆண்டு, நிகழ்ச்சி முடிந்த இரண்டாம் வாரமே, அவர் பணத்தில் வாங்கிய நூல்களோடு மாணவர்கள் நிற்கும் படத்தையும் அரைப்பக்கக் கணக்கையும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். படம் இன்னும் அவர் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

பணத்தைக் கையாளும் முறையில் மட்டும் எந்தத் தளர்வும் வேண்டாம். வங்கிகளின் உடனடிப் பணமாற்றுச் சேவையான பேநவ் வழியாக வரும் பணம் சங்கத்தின் பதிவெண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குக்கே வரவேண்டும். ஒரு வாரத்துக்குத்தானே என்று உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். நீங்கள் நேர்மையானவராக இருப்பது போதாது, அதைக் காட்டக்கூடியவராகவும் இருக்க வேண்டும். ரொக்கத்தை இருவர் எண்ணி இருவரும் கையெழுத்திட வேண்டும். ரசீதுப் புத்தகத்தில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பிழையான ரசீதைக் கிழித்தெறியாமல் குறுக்கே கோடிட்டு அதிலேயே விட்டுவைக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட, செயற்குழுவில் இல்லாத கணக்காய்வாளர்களிடம் ஆண்டுக் கடைசிவரை காத்திராமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புத்தகத்தைக் கொடுங்கள். மாதந்தோறும் வரவு, செலவு, கையிருப்பு, அடுத்த மாதத் தேவை ஆகிய நான்கையும் அரைப்பக்கத்தில் எழுதி 32 பேருக்கும் அனுப்புங்கள்.

கடைசியாக, செயற்குழுவினர் மூவர் கைக்காசாகப் போட்ட அந்த 1,100 வெள்ளி. அது சங்கத்தின் கடன். அடுத்த ஆண்டுக் கணக்கின் செலவுப் பக்கத்தில் அதற்கென்று ஒரு வரி இருக்க வேண்டும். ஒரே ஆண்டில் முடியாவிட்டால் இரண்டு ஆண்டுகளில் 550 வீதம் திருப்பிக் கொடுங்கள். அப்படிச் சேர்த்தால் இந்த ஆண்டு நீங்கள் திரட்டவேண்டியது 3,040 வெள்ளி, அதாவது ஆளுக்கு 95. பொங்கல் பையில் 1,200, வேலை நாள்களில் 840, மலர் விளம்பரத்தில் 1,000 என்று அது அடைந்துவிடுகிறது. மூவரில் யாராவது தம் பங்கு வேண்டாம், நன்கொடையாக இருக்கட்டும் என்று சொன்னால் அதை எழுத்தில் வாங்கி, ரசீதும் கொடுத்து, நன்கொடை என்றே கணக்கில் காட்டுங்கள். ஜனவரிக் கூட்டத்தின் முதல் பொருளாக இதை வையுங்கள். அவர்கள் மூவரும் அறையில் இருக்கும்போதே பேசுங்கள்.